ஒலி வேறு, வாசிப்பு வேறு

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கூடி, ஒரே இசையின் இரு ஒலிப்பதிவுகளைக் கேட்டோம். பீத்தோவன் 1825-இல் இயற்றிய 132-ஆம் எண் நால்வர் இசை அது. வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செல்லோ ஒன்று, இவ்வளவே கருவிகள். சிலர் ஓர் அறையில் அமர்ந்து கேட்பதற்கென எழுந்த மேனாட்டு இசைவகை.

நோயினின்று மீண்ட நன்றியைப் பீத்தோவன் இதன் மூன்றாம் பகுதியில் வடித்தார். லிடியன் என்னும் பழைய சுரவரிசையில் அமைந்த பகுதி அது. அச்சுரங்கள் நம் கல்யாணியின் சுரங்களே. கமகமும் சஞ்சாரமும் இல்லாமையால் இராகம் என்று கொள்ளலாகாது. எனினும் நம் செவி உள்ளே நுழைய இஃதொரு வாயில்.

ஒரு பதிவு அண்மைக் காலத்தது. மற்றது, அடால்ஃப் புஷ் தலைமையில் நால்வர் 1937-இல் லண்டனில் வாசித்தது. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல்தான் கொள்ளும். ஆகவே இந்நெடிய பகுதியை அவர்கள் துண்டு துண்டாகவே வாசிக்க நேர்ந்தது.

முதலில் ஏறக்குறைய யாவரும் புதியதே சிறந்தது என்றோம். அது சற்று உரக்க ஒலிப்பதைக் கண்ட ஓர் அன்பர், இரண்டையும் ஒரே அளவிற்குக் கொணர்ந்தார். உடனே தீர்ப்பு ஆட்டங்கண்டது. உரத்த ஒலியே உயர்ந்த ஒலி என எண்ணுவது செவிக்கு இயல்பான மயக்கம்.

ஒலியைத் தேர்கையில் கேட்க வேண்டியவை சில. இரண்டாம் வயலினையும் வயோலாவையும் தனித்துத் தொடர முடிகிறதா? மைக் மிக அருகில் இருப்பின் வில்லின் உரசலே மிகும். மிகத் தொலைவில் இருப்பின் மண்டபத்தின் முழக்கத்தில் நான்கும் குழையும். பழைய தட்டின் இரைச்சலை முற்றும் துடைக்க முயன்றால் வயலினின் மேல்நாதமும் உடன் போய்விடும். சிறிது இரைச்சல் எஞ்சிய பதிப்பே பல வேளைகளில் உண்மைக்கு அருகில் நிற்பது.

வாசிப்பைத் தேர்வது வேறு. நால்வரும் ஒருங்கே மூச்செடுக்கிறார்களா? மெல்லொலியிலும் சுருதி நிற்கிறதா? ஒருவர் பேச, மற்றவர் வழிவிடுகிறாரா? புஷ் குழுவினர் அப்பகுதியை மிக மெதுவாக, விரல் அதிர்வைக் குறைத்து ஏந்திச் செல்கின்றனர். அந்தப் பொறுமையை எந்த இரைச்சலும் மறைக்கவில்லை. எனினும் சிலர் இறுதிவரை புதியதையே விரும்பினர். அதுவும் நேர்மையான தீர்ப்பே. பழைமை என்பதற்காகவே போற்றுதல் நம் கருத்தன்று.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டனாரின் சங்கீதத் தட்டுகளை, இரைச்சல் என்று பழைய சாமான்காரரிடம் கொடுத்த பிழை நமக்கும் உண்டு. அவற்றை இனி மீட்க இயலாது. வயலின் பயிலும் நம் குழந்தைகளுக்கோ, இன்று கைப்பேசியில் கிடைப்பதெல்லாம் குரு. பளபளப்பை மட்டுமே தேறக் கற்றால், மேதைகள் பலரை அவர்கள் கேளாமலே கடந்துவிடுவர்.

இல்லந்தோறும் ஒரு சிறு பயிற்சி செய்க. ஒரு தாளில் ஒலிக்கு ஒரு பத்தி, வாசிப்புக்கு ஒரு பத்தி. தனித்தனியே மதிப்பெண் இடுக, இரண்டையும் கூட்டற்க.