அன்புக்கும் உண்டு கடமை

வீட்டில் வளரும் நாய்க்கு ஆசையோடு பெயர் சூட்டுவோர் உண்டு. பிறந்தநாள் கொண்டாடுவோரும் உண்டு. வாசலில் காலடி ஓசை கேட்டதும் வாலை ஆட்டி ஓடிவரும் அவ்வுயிரைக் குடும்பத்தில் ஒருவராகவே பலர் எண்ணுகின்றனர். ஆயினும், அதற்குக் கடைசியாகத் தடுப்பூசி போட்ட நாள் எது என்று வினவினால், பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை. உணவும் அரவணைப்பும் அளித்தால் வளர்ப்போரின் கடமை முடிந்துவிடும் என்று கருதுவது பிழையாகும். நோய் வருமுன் காப்பதும் அன்பின் பகுதியே.

இக்கடமையின் அருமையை உணர்த்துவதற்கு வெறிநாய்க்கடி நோய் ஒன்றே போதும். ரேபீஸ் எனப்படும் இந்நோயின் நுண்கிருமி, நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் வாழ்கிறது. கடித்த காயத்தின் வழியாக உடலினுள் புகுந்து, நரம்புகளின் வழியே மூளையைச் சென்றடைகிறது. அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. உலகில் இந்நோயால் நிகழும் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவை இந்தியாவில் நிகழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் நாய்களாலேயே பரவுகிறது. பாதிக்கப்படுவோரில் சிறுவர் பலர் என்பது வேதனைக்குரியது. இத்தனை கொடிய நோயைத் தடுப்பதோ எளிது. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் இதற்கான தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தி வழிகாட்டினார். அவர் மறைந்த நாளாகிய செப்டம்பர் 28, இன்று உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

“எங்கள் நாய் வீட்டை விட்டு வெளியே செல்வதில்லை; அதற்கு ஏன் ஊசி?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆனால், திறந்த கதவின் வழியே ஒருமுறை ஓடிய நாய்க்குத் தெருவில் எதனுடன் சண்டை நேர்ந்தது என்பதை யார் அறிவார்? நோயுற்ற விலங்கு சுற்றுச்சுவரைத் தாண்டி உள்ளே வருவதும் உண்டு. மேலும், அறிகுறிகள் வெளிப்படுவதற்குச் சில நாள்கள் முன்பே நாயின் உமிழ்நீரில் கிருமி கலந்துவிடக்கூடும். நலமாகத் தோன்றும் நாயும் ஆபத்தற்றது என்று உறுதி கூற இயலாது. பூனைகளுக்கும் இது பொருந்தும்.

“செலவு மிகுதி” என்பது மற்றொரு தடை. இதனை முற்றிலும் புறக்கணிக்க முடியாது. தனியார் மருத்துவமனைக் கட்டணம் எளிய குடும்பத்திற்குச் சுமையே. ஆயினும், அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் இவ்வூசி இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ போடப்படுகிறது. நாய்க்கு ஆண்டிற்கு ஓர் ஊசி போடத் தயங்கும் குடும்பம், அது ஒரு குழந்தையைக் கடித்துவிட்டால், அக்குழந்தையைப் பல தவணை ஊசிகளுக்காக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேரிடும். பணத்தை விடவும் பெரிது, அந்நாள்களில் பெற்றோர் அடையும் அச்சம்.

நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்க வேண்டும். பின்னர், கால்நடை மருத்துவர் குறிப்பிடும் நாள்களில் தவறாமல் தொடர வேண்டும். பார்வோ போன்ற பிற நோய்களுக்கும் ஊசிகள் உள்ளன. குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும், உண்ணி பற்றாமல் காப்பதும் இன்றியமையாதவை. நாயின் குடற்புழு முட்டைகள் மண்ணில் கலந்து, அங்கு விளையாடும் குழந்தைகளையும் பாதிக்கக்கூடும். எனவே, ஒரு வீட்டு நாயின் நலம் ஒரு தெருவின் நலமாகிறது.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு விலங்குகளுக்குத் தடுப்பூசி போடுவதும் குடற்புழு நீக்குவதும் உரிமையாளரின் பொறுப்பு என்கின்றன. 2030ஆம் ஆண்டிற்குள் நாய்களால் பரவும் வெறிநோயை ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2021இல் வெளியிட்டது. நாய்களில் நூற்றுக்கு எழுபதேனும் தடுப்பூசி பெற்றிருந்தால் நோய்ப் பரவல் தடைபடும் என்பது வல்லுநர் கருத்து. கோவா மாநிலத்தில் வீட்டு நாய், தெருநாய் என்ற வேறுபாடின்றி ஊசி போடப்பட்டது. பள்ளிகளிலும் விழிப்புணர்வு ஊட்டப்பட்டது. அங்கு மனித இறப்புகள் பெரிதும் குறைந்தன. தெருநாய்களுக்கு ஊசி போடுவது உள்ளாட்சி அமைப்புகளின் பணி. வீட்டு நாய்க்குப் போடுவது வீட்டாரின் பணி. பின்னதைச் செய்யாதவர், முன்னதைக் குறைகூறுவது முறையன்று.

இத்தனை காப்பிருந்தும் கடி நேர்ந்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவரை நாட வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி போன்றவற்றைத் தடவுதல் கூடாது.

வாயில்லா உயிர் தன் நோயைச் சொல்லாது. ஊசிக்கான நாளையும் நினைவூட்டாது. அதன் பொருட்டு நினைவில் கொள்ளும் பொறுப்பு அதனை வளர்ப்போருடையது. வீட்டு நாள்காட்டியில் குடும்பத்தாரின் பிறந்தநாள்களோடு அந்நாளையும் குறித்து வைக்கும் இல்லமே, அவ்வுயிரைத் தன் குடும்பத்தில் ஒருவராக உண்மையில் ஏற்றுக்கொண்ட இல்லமாகும்.