ஆற்றோடு ஓர் ஆண்டு

ஏப்ரல் பிறந்தால் எங்கள் குடியிருப்பில் கல்லூரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: எங்காவது இன்டர்ன்ஷிப் கிடைக்குமா? வங்கி, மென்பொருள் நிறுவனம், ஆடிட்டர் அலுவலகம் என்றுதான் பேச்சு போகும். இந்த ஆண்டு கீழ்வீட்டுப் பெண், விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிப்பவள், வேறொன்று கேட்டாள். "அங்கிள், அடையாறு ஆத்துல, இல்ல பூங்காவுல வேலை செய்யற மாதிரி ஏதாவது இருக்கா? சர்டிஃபிகேட்டுக்கு மட்டும் இல்ல. நிஜமாவே வேலை."

அவளைப் போல் கேட்க நினைக்கும் பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், அவளுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

வேலை நிறையவே இருக்கிறது. ஆனால் மாணவர்களுக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத்தான். டி-ஷர்ட், கையுறை, குப்பைப் பை, ஒரு பதாகை, பத்து மணிக்குள் பொட்டலச் சாப்பாடு. வருகிற பிள்ளைகளின் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயிலில் குனிந்து நெகிழி பொறுக்குகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே அளவு குப்பை வந்து நிற்கும். அது மேலே எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை. ஆறு என்பது கரையில் நாம் நிற்கிற அந்த நூறு அடி மட்டும் அல்லவே.

சென்னையின் அடையாற்றையே எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறக்குறைய 42 கிலோமீட்டர். தாம்பரத்துக்கு அப்பால் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் தொடங்குகிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வந்து சேர்கிறது. மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக நகரத்தின் கழிவுநீரை எல்லாம் வாங்கிக்கொண்டு, பிரம்மஞான சபையின் தோப்பை ஒட்டிப் போய், சீனிவாசபுரத்தில் கடலைத் தொடுகிறது. தொடுகிறது என்றா சொன்னேன்? வருடத்தில் பல மாதங்கள் தொடுவதில்லை. கரையோரமாக நகரும் கடல் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. அடைத்தால் அலையேற்றத்தின் உப்புநீர் உள்ளே வராது, சாக்கடை வெளியே போகாது. தண்ணீர் தேங்கிக் கறுத்துவிடும். மழைக்காலத்துக்கு முன் அரசு இயந்திரங்களை இறக்கி மணலைத் தோண்டினால்தான் வாய் திறக்கும். இதை ஒரு மாணவன் ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தால், ஒரு பாடப்புத்தகம் முழுவதும் சொல்லாததை அறிந்துகொள்வான்.

அந்த முகத்துவாரத்திலிருந்து வடக்கே பிரியும் கழிமுகக் கிளையில்தான் அடையாறு பூங்கா இருக்கிறது. 58 ஏக்கர். கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டி மூடப்பட்டுக் கிடந்த நிலம். இடிபாடுகளை அள்ளி, பள்ளங்களைத் திறந்து, நீர் மறுபடி உலவ வழிசெய்து, அலையாத்திச் செடிகளையும் இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்களையும் நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்ச் சூழலியல் கற்றுக்கொடுக்கும் இடமாகவே முதலில் அதை நடத்தினார்கள். நல்ல முடிவு அது.

ஆனால் நட்டுத் திறந்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. சீமைக்கருவேலம் பக்கத்திலேயே காத்திருக்கும். ஒரு மழை போதும், நூற்றுக்கணக்கில் முளைத்துவிடும். கைவிரல் உயரத்தில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் போயிற்று. இரண்டு வருடம் விட்டால் இயந்திரம் வேண்டும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான். சென்ற வருடம் நட்ட கண்டல் கன்றுகளில் எத்தனை பிழைத்தன, எந்தப் பக்கம் பட்டுப்போயின, அங்கே நீர்மட்டம் எவ்வளவு, சேற்றில் உப்பு எவ்வளவு? இதையெல்லாம் மாதாமாதம் நடந்து பார்த்து எழுதி வைக்க ஆள் வேண்டும். பூங்காப் பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். புல்வெளி வெட்டுவதையோ பூந்தொட்டி அடுக்குவதையோ அல்ல.

நீரின் கதைக்கு வருவோம். ஆற்றுநீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க, விலங்கியலோ வேதியியலோ படிக்கும் எந்தக் கல்லூரி மாணவிக்கும் தெரியும். குமிழி புகாமல் பாட்டிலில் நீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜனே இல்லாத நீரில் அது வெள்ளையாகவே நிற்கும். குளிக்கத் தகுந்த நீர் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் அளவுகோல். ஆய்வகத்தில் குழாய்த் தண்ணீரை வைத்து ஒருமுறை செய்து ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார்கள். அதே பாட்டிலைச் சைதாப்பேட்டைப் பாலத்தடிக்குக் கொண்டுபோனால்தான் அதற்கு அர்த்தம் பிறக்கிறது.

அங்கேயும் ஒருமுறை அளந்தால் போதாது. மதியம் பாசிகள் வெயிலில் ஆக்சிஜனை விடும், அளவு கூடுதலாகக் காட்டும். விடியற்காலையில் அதே இடத்தில் பாதாளத்துக்குப் போயிருக்கும். முகத்துவாரம் திறந்திருக்கும் மாதம் ஒரு மாதிரி, அடைத்திருக்கும் மாதம் வேறு மாதிரி. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஒரு வேளை மட்டும் தெர்மாமீட்டர் வைத்துவிட்டு யாரும் முடிவுக்கு வருவதில்லை அல்லவா? ஒரே இடம், ஒரே நேரம், மழைக்கு முன்னும் பின்னும், வருடம் முழுக்க. அப்படிச் சேர்ந்த எண்களைத்தான் ஓர் அதிகாரியின் மேசையில் வைத்துக் கேள்வி கேட்க முடியும்.

மாணவர்களால் இது முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கட்டும். 1970-களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இருந்தவர்களும் சென்னையில் ஆமை நடையைத் தொடங்கினார்கள். அந்த வேலையை 1988-இல் மாணவர்களே கையில் எடுத்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அப்படித்தான் பிறந்தது. தையிலிருந்து பங்குனி வரை, ஊர் தூங்கும் நேரத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை ஏறிவந்த தடத்தைக் கண்டுபிடித்து, நூறுக்கும் மேல் இருக்கும் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலுக்கு விடுகிறார்கள். தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து செத்துப்போகாமல் அவை தண்ணீரைச் சேர்வது இந்தப் பிள்ளைகளால்தான். படிப்பு முடிந்து ஒரு கூட்டம் போகிறது, அடுத்த கூட்டம் வருகிறது. நடை மட்டும் நிற்கவில்லை. கடலுக்கு இது முடிந்திருக்கிறது என்றால் அதன் பக்கத்திலேயே விழும் ஆற்றுக்கு ஏன் முடியாது?

வெளிநாட்டிலும் மாணவர்தான் வழி காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் கூட்டம் தாங்காமல், பராமரிப்பின்றி நலிந்துகிடந்தன. 1955-இல் வாஸர் கல்லூரி மாணவி எலிசபெத் குஷ்மன், இந்தப் பூங்காக்களின் வேலையை மாணவர்களுக்குக் கொடுக்கலாமே என்று தன் இறுதியாண்டு ஆய்வேட்டில் எழுதினார். 1957-இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் ஆகிய இரு பூங்காக்களில் முதல் மாணவர் குழுக்கள் இறங்கின. ஏட்டோடு நிற்காமல், நிர்வாகத்தார் கதவைத் தட்டி அதை நடத்திக் காட்டினார் அவர்.

நம்மிடம் ஏட்டுக்குக் குறைவில்லை. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு பிறகு வகுத்த பாடத்திட்டத்தில் 50 மணி நேர வகுப்பில் 5 மணி நேரம் களப்பணிக்கு ஒதுக்கப்பட்டது, அதற்கு 25 மதிப்பெண். அந்த ஐந்து மணி நேரம் பல கல்லூரிகளில் என்ன ஆகிறது என்பது மாணவர்களுக்கே தெரியும். இணையத்திலிருந்து படம் எடுத்து ஒட்டிய ஒரு கோப்பு. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

இரண்டு விஷயங்களில் நான் பிடிவாதக்காரன். முதலாவது, மாணவர்களைச் சம்பளமில்லாத துப்புரவுப் பணியாளர்களாக ஆக்கக்கூடாது. கழிவுநீருக்குள் யாரையும் இறக்கக்கூடாது. முழங்கால் பூட்ஸ், தடித்த கையுறை, டெட்டனஸ் ஊசி, எலிக்காய்ச்சல் பற்றிய எச்சரிக்கை, கூடவே அனுபவமுள்ள ஒரு பெரியவர் இல்லாமல் கரையில் கால் வைக்க வேண்டாம். இரண்டாவது, உதவித்தொகை. மாலையில் கடையில் நின்று வீட்டுக்குப் பணம் தரும் மாணவன் ஓராண்டு இலவசமாக உழைக்க முடியாது. பேருந்துச் செலவும் சாப்பாடும் சிறு தொகையும் கொடுக்காவிட்டால், ஆற்றைப் படிக்கும் வாய்ப்பு வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு முடிந்துவிடும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். தண்ணீர் எந்தச் சந்து வழியாக ஏறியது, முன்பு எங்கே மடவை மீன் கிடைத்தது என்பதெல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

ஜூனில் கல்லூரிகள் திறக்கும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் தர வேண்டும் என்பது விதி. புதுச் சட்டமோ புதுத் திட்டமோ தேவையில்லை. அடையாற்றை நடந்தே எட்டிவிடும் தொலைவில் இருக்கும் கல்லூரிகளின் திட்ட அலுவலர்களுக்கு என் வேண்டுகோள்: அந்த மணி நேரங்களை ஊர்வலங்களிலும் உறுதிமொழிகளிலும் சிதறவிடாமல், ஒரு கல்லூரிக்கு ஒரு பாலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் எடுக்கும் அளவுகளை மாதந்தோறும் கல்லூரி வாசலில் ஒட்டுங்கள், ஒரு பிரதியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். பெற்றோர்களே, பிள்ளை சேற்றுக் காலோடு வீடு திரும்பினால் திட்டாதீர்கள்.