மேல்காற்றும் மிதிவண்டியும்

மேல்நிலை வகுப்புக்கு வந்த மகளுக்கு எந்தச் சைக்கிள் வாங்குவது என்ற பேச்சு எங்கள் வகுப்பில் பலரது வீட்டில் இவ்வாண்டு நடந்தது. கடைக்குச் சென்றால் ஒருபுறம் பருத்த டயரும் கியரும் கொண்ட மலைச் சைக்கிள். மறுபுறம் மோட்டார் துணையுடன் ஓடும் மின்சாரச் சைக்கிள். அண்ணன் தம்பிமார் ஒருமுகமாக முதலாவதையே பரிந்துரைக்கின்றனர். ஓட்டப்போகிற எங்களையும் ஒரு வார்த்தை கேட்டால் நன்றாயிருக்கும் என்பதால் இதை எழுதுகிறோம்.

மலைச் சைக்கிளின் பிறப்பிடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. 1970களில் அங்குள்ள டமால்பயஸ் மலைச் சரிவுகளில் பழைய சைக்கிள்களைக் கரடுமுரடான பாதையில் விரட்டிய இளைஞர்கள், பின்னர் அதற்கெனவே வண்டி செய்யத் தொடங்கினர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் அது இடம்பெற்றது. பாறையும் சரளைக்கல்லும் உள்ள பாதைக்கு அதைப்போல் வேறில்லை. ஆனால் நாங்கள் வருவதோ தார்ச்சாலையில். முள்முள்ளான அகன்ற டயர் தாரில் ஓடும்போது இழுவை மிகுதி. மலிவான வண்டியின் முன்புற ஸ்பிரிங்குகள் எடையைக் கூட்டி, நாம் மிதிக்கும் வலுவில் ஒரு பங்கைத் தாமே விழுங்குகின்றன. பலவற்றில் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை. புத்தகப்பையை எங்கே வைப்பது? துப்பட்டாவை எப்படிக் காப்பது? குறுக்குக்கம்பி உயரமாய் இருப்பதால் பாவாடைச் சீருடையுடன் ஏறுவதே ஒரு வித்தையாகிவிடுகிறது. பெண் பிள்ளைகளை நினைத்து இவ்வண்டியை யாரும் வடிவமைத்ததாகத் தெரியவில்லை!

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை அறியாதவர் இங்கில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாய் நிற்பதும் அதை நம்பித்தான். மேற்கேயுள்ள கிராமத்து மாணவியரைக் காலையில் அக்காற்றே பள்ளிக்குத் தள்ளிவிடும். மாலையில் அதுவே பகையாகிவிடும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் செல்பவள் 25 கி.மீ. வேக எதிர்காற்றைச் சந்தித்தால், காற்றில்லாத நாளில் 37 கி.மீ. வேகத்தில் செல்வதற்கு ஈடான எதிர்ப்பை எதிர்கொள்கிறாள். எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால் அது ஒன்பது மடங்குக்கும் மேல். கியரைக் குறைத்தால் மிதிப்பது இலகுவாகும், உண்மைதான். ஆனால் வீடு போய்ச் சேரும் நேரம் நீளும். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டுவதற்குள் ஒன்பது, பத்து கி.மீ. செல்ல வேண்டியவளுக்கு இது சிறிய செய்தியன்று. இதன் காரணமாகவே எங்கள் தோழியர் மூவர் சிறப்பு வகுப்பை நிறுத்திக்கொண்டனர். அவர்களில் ஒருத்தி கணிதத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி.

மின்சாரச் சைக்கிள் துணைக்கு வருவது இங்கேதான். 1993இல் ஜப்பானில் யமஹா நிறுவனம் வெளியிட்ட வண்டியின் தத்துவம் எளியது: நாம் மிதித்தால் மோட்டாரும் உதவும், நிறுத்தினால் அதுவும் நிற்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியை முழுதும் ஏற்ற அரை யூனிட் மின்சாரம்கூட வேண்டியதில்லை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால், நம் நாட்டு விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. அந்த வேகத் தடையை நீக்கித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், தந்தைமார் தயவுசெய்து தலையாட்ட வேண்டாம்.

"உடம்பு வளையாமல் போய்விடுமே" என்பார் பாட்டிமார். கைப்பிடியைத் திருகினாலே ஓடும் வண்டியென்றால் அவர்கள் சொல்வது சரி. மிதித்தால் மட்டும் உதவும் வண்டியில் வியர்க்கத்தான் செய்யும். எங்களுக்குள்ள கவலை வேறு. விலை அதிகம். சில ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்துவிடும். புதிது வாங்கக் கணிசமான தொகை வேண்டும். வழியில் சார்ஜ் தீர்ந்தால் இருபது கிலோவுக்கும் மேற்பட்ட வண்டியை வெறுங்காலால் மிதிக்க வேண்டும். இரவில் படுக்கையருகே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதும் ஆபத்து.

ஆகவே எல்லோரும் அதையே வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நான்கைந்து கி.மீ.க்குள் இருப்பவர்களுக்குச் சாதாரண லேடீஸ் சைக்கிளே போதும். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென அரசு தொடங்கி, பின்னர் மற்றவர்க்கும் விரிவாக்கிய இலவசச் சைக்கிள் எத்தனையோ பெண்களைப் பள்ளியில் நிலைநிறுத்தியிருக்கிறது; அதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. மலைச் சைக்கிளை விளையாட்டாக ஓட்ட விரும்புகிறவள் தாராளமாக ஓட்டட்டும். ஆனால் எட்டு கி.மீ.க்கு மேல் மேற்கே போகிறவளுக்கு, வீட்டில் இயலுமானால், மின்சாரச் சைக்கிளே தக்கது என்பது எங்கள் துணிபு. தம்பிக்குக் கியர் சைக்கிள் வாங்க ஒதுக்கிய பணத்தையும் அதில் சேர்த்து, காலையிலும் மாலையிலும் மகளுக்கு, நடுவே விடுமுறை நாளில் அம்மாவுக்கு என்று வைத்துக்கொள்ளலாமே.

தலைமைச் சகோதரியிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. சைக்கிள் கொட்டகையின் மேற்குப் பக்கச் சுவரில், மழைச்சாரல் படாத இடத்தில், இரண்டு பிளக் அமைத்துத் தந்தால், தொலைவிலிருந்து வருவோர் மதிய இடைவேளையில் சார்ஜ் ஏற்றிக்கொள்வர். மின் கட்டணத்துக்கு மாதந்தோறும் வகுப்பிலேயே வசூலித்துக் கட்டிவிடுகிறோம்.