வரியே போடாத மெஷினுக்கு எதுக்கய்யா விலை ஏறிச்சு?

இறக்குமதி வரின்னு சொன்னாலே கைதட்டுறவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. "வெளிநாட்டுக்காரன்தானே கட்டப்போறான், நமக்கென்ன?" எங்க வகுப்பிலும் இதே பாட்டுதான். யப்பா, துறைமுகத்துல அந்த வரியைக் கட்டுறது சரக்கை இறக்குற உள்ளூர்க் கம்பெனி. அது யார் தலையில் கட்டும்?

2018 ஜனவரியில் டிரம்ப் வாஷிங் மெஷினுக்கு வரி போட்டார். வருஷத்துக்கு முதல் 12 லட்சம் மெஷினுக்கு 20 சதவீதம், அதுக்கு மேல வந்தா 50. கேட்டு வாங்கினது வேர்ல்பூல். ஆதரவாளர்களுக்கு ஒரே குஷி.

வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறிச்சு. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனா வரியே போடாத துணி உலர்த்தும் மெஷினும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறிச்சே! அங்கே ரெண்டையும் ஜோடியாத்தான் வாங்குவாங்க. விக்கிறவனுக்குத் தெரியாதா? வரி கட்டாத உள்ளூர் பிராண்டும் சத்தமில்லாம விலையை ஏத்திக்கிச்சு.

வேலை வந்ததேன்னு கேப்பீங்க. வந்தது, சுமார் 1,800. பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப்படி ஒவ்வொரு வேலைக்கும் வாங்குற ஜனங்க அழுதது வருஷத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல. அந்தத் தொழிலாளி கைக்கு அதுல எவ்வளவு போயிருக்கும்?

அதே 2018 ஜூலையில் சீனா பதிலடியா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் போட்டது. உடனே விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் வரை நிவாரணம்னு அறிவிப்பு. அது யார் பணமாம்? (டிரம்ப் பாக்கெட்டிலிருந்து வரலை :-)) நஷ்டப்பட்டும் "நாட்டுக்காகத் தாங்கிக்கிறோம்"னு நின்ன விவசாயிகளும் உண்டு. அவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். என் கோபமெல்லாம் சொந்த பில்லைக்கூடப் பிரிச்சுப் பார்க்காம விசிலடிக்கிற கூட்டத்து மேலதான்.