எந்தப் பதிப்புக்கான கையேடு?

ஆரணியிலும், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என அதைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் வேலைக்குள் கணினி வந்துவிட்டது. முன்பெல்லாம் கிராப் தாளில் கட்டம் கட்டமாக மயிலையும் அன்னத்தையும் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். இப்போது திரையில் வரைந்தால் துளைக் கணக்கை மென்பொருளே போட்டுத் தருகிறது. இதற்கென மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய ‘டிஜிபுனாய்’ ஒரு திறமூல மென்பொருள். ஜக்கார்டு, டாபி இரண்டு நெசவுக்கும் அதில் வடிவமைக்கலாம். ஆனால், மென்பொருள் கைக்கு வருவதும் அதைக்கொண்டு ஒரு முந்தானையை முடிப்பதும் ஒன்றல்ல. நடுவில் ஒரு கையேடு வேண்டும். செய்யாறு அரசு கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே வீட்டுத் தறிக்குத் துணை நிற்கும் ஒரு மாணவருக்கு அது தமிழில் கிடைக்க வேண்டும். அவர் கணினியில் இருக்கும் மென்பொருளுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும்.

தமிழில் வேண்டும் என்பதை அடிக்கடி பேசுகிறோம். இரண்டாவது நிபந்தனையைப் பற்றிப் பேசுவதே இல்லை. கட்டற்ற மென்பொருள் உலகம் நெடுங்காலமாக வாதிட்டுவரும் ‘விக்கியா, உரைக்கோப்பா’ என்ற கேள்வியின் முடிச்சு அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1995-இல் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திறந்து, திருத்தி, அப்போதே சேமித்துவிடலாம் என்பதே அதன் புதுமை. உரைக்கோப்பு முறை அதற்கு முந்தையது. கையேட்டை எளிய எழுத்துக் கோப்புகளாக, நிரலின் மூலக்குறிப்பு இருக்கும் அதே அடைவில் வைப்பார்கள். திருத்தம் அனுப்பலாம், பொறுப்பாளர் பார்த்து ஏற்றால்தான் உள்ளே போகும். முதலாவதில் எழுதிய பிறகு சரிபார்க்கிறார்கள், இரண்டாவதில் சரிபார்த்த பிறகு சேர்க்கிறார்கள். சேமிப்பு முறையில் பெரிய வேறுபாடு இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. டோக்குவிக்கி தன் பக்கங்களைத் தரவுத்தளம் இல்லாமல் சாதாரண உரைக்கோப்புகளாகவே வைத்துக்கொள்கிறது. கிட்ஹப் தளத்தின் விக்கிகளுக்கு அடியில் இருப்பதும், கோப்புகளின் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியம்தான்.

விக்கி எங்கே வென்றிருக்கிறது என்று பார்த்தால் விடை தெளிவாகும். தமிழுக்கு விக்கி செய்திருக்கும் நன்மை மிகப் பெரியது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவரான இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்ற விதி இருந்திருந்தால் இன்றுள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்திருக்குமா? மென்பொருள் உலகத்திலேயே ஆர்ச் லினக்ஸின் விக்கி இன்னொரு சான்று. வேறு லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துபவர்களும் சிக்கல் வந்தால் அங்கேதான் போய்ப் பார்க்கிறார்கள்.

இவை இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கலைக்களஞ்சியக் கட்டுரை இன்றைய நிலவரத்தைச் சொன்னால் போதும். ஐந்தாண்டுக்கு முந்தைய உலகத்தில் இன்னமும் வாழும் வாசகர் என்று எவரும் இல்லை. ஆர்ச் லினக்ஸும் அப்படித்தான். அதற்குத் தனித்தனிப் பதிப்புகள் கிடையாது; இடைவிடாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பயன்படுத்துபவர் அனைவரிடமும் ஏறக்குறைய ஒரே மென்பொருள்தான் இருக்கும். ‘இப்போது’ என்பது ஒன்றே ஒன்றாக இருக்கும் இடத்தில் விக்கி செழிக்கிறது.

செய்யாறு வட்டாரத்தின் கணினிகளில் ‘இப்போது’ ஒன்றல்ல. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் பதிந்து தரப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அந்த இயங்குதளம் அதற்குப் பிறகு பல பதிப்புகளைக் கண்டது. ஆனால், வீட்டுக்கு வந்த கணினியில் இருப்பது வந்த நாளில் இருந்த பதிப்புதான். அக்கா படித்து முடித்து, தம்பிக்குக் கைமாறி, அதே மென்பொருளோடு ஆண்டுக்கணக்கில் ஓடும். இது சோம்பல் அல்ல. பெரிய கோப்பை இறக்கித் தரும் இணைப்பு வேண்டும், புதிய பதிப்பைத் தாங்கும் கணினி வேண்டும், மாற்றும்போது எதுவும் கெட்டுவிடாது என்ற துணிவும் வேண்டும். பட்டணத்து நிரலாளர் ஒரு மாலையில் செய்துவிடுவது இங்கே ஒரு குடும்பத் தீர்மானம்.

இத்தகைய கணினியின் முன் உட்கார்ந்து விக்கியைத் திறப்பவர் என்ன காண்பார்? முந்தைய மாதம் யாரோ நல்லெண்ணத்தோடு திருத்திய பக்கத்தை. அதில் சொல்லப்படும் பட்டியும் பொத்தானும் அவர் திரையில் இருக்காது. 240 கொக்கி ஜக்கார்டுப் பெட்டிக்குக் குத்திய அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்ட முடியாது என்பது நெசவாளர் வீட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே நிலைதான் இங்கும். அட்டையில் பிழை இல்லை, பெட்டியிலும் பிழை இல்லை; ஒன்றுக்கொன்று உரியவை அல்ல, அவ்வளவுதான். ஆனால், படிப்பவர் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து மூடிவிடுகிறார்.

உரைக்கோப்பு முறையில் இந்தத் துன்பம் குறைவு. நிரலின் ஒரு பதிப்பை எடுத்தால், அந்தப் பதிப்பு வெளியான நாளில் கையேடு எப்படி இருந்ததோ அப்படியே கூடவே வரும். டெபியன் வகை லினக்ஸில் நிரலை நிறுவும்போதே அதன் உதவிப் பக்கமும் கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இணையம் அறுந்தாலும் படிக்கலாம். லினக்ஸ் கருநிரலின் ஆவணங்கள் அதன் மூலக்குறிப்புக்குள்ளேயே ஓர் அடைவில் இருக்கின்றன. 2016-இல் அவற்றை ஸ்பிங்க்ஸ் என்னும் ஆவணக் கருவிக்கு மாற்றியபோதும் அடைவை விட்டு வெளியே கொண்டுபோகவில்லை. ஒரு வசதியைச் சேர்ப்பவரிடம், அதை விளக்கும் பத்தியையும் அதே திருத்தத்தில் சேர்த்து அனுப்பச் சொல்ல முடிகிறது. விக்கியில் அப்படிக் கேட்க வழியில்லை. நிரல் ஓரிடத்தில் மாறும், விளக்கம் இன்னோரிடத்தில் பழையபடி கிடக்கும்.

காப்புப் படி பற்றியும் சொல்ல வேண்டும். ஜென்டூ லினக்ஸ் பயனர்கள் எழுதிச் சேர்த்த, அதிகாரபூர்வமற்ற பெரிய விக்கி ஒன்று 2008-இல் தரவுத்தளத்தை இழந்தது. சரியான காப்பு இல்லாததால் தேடுபொறிகளின் சேமிப்பிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியிருந்தது. கிட் களஞ்சியத்தில் இருக்கும் உரைக்கோப்புகளோ, அதைப் படியெடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாற்றோடு இருக்கும்.

உரைக்கோப்பும் சாகும் என்பது தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் என்றிருந்த காலத்தில் தட்டிய கோப்புகளை இன்று திறந்தால் வெறும் கிறுக்கல்தான். ஆனால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் இருந்த இலக்கியக் கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவந்து காப்பாற்றியது. எழுத்தாகவே இருந்ததால் மாற்ற முடிந்தது. நம் அரசு அலுவலகங்களுக்குப் பழக்கமான பிடிஎஃப் கையேட்டுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிடுகிறார்கள். தேடினால் சொல் கிடைக்காது. பிழை கண்டால் திருத்த முடியாது. விக்கியா கோப்பா என்று வாதிடுவதற்கு முன் இந்தப் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். பொதுப்பணத்தில் எழுதப்பட்ட கையேட்டை மக்கள் தொட்டுத் திருத்த முடியாதபடி பூட்டிவைப்பது அநியாயம்.

தமிழாக்கத்துக்கு வருவோம். ஆங்கிலக் கையேட்டில் ஒரு வரி மாறினால், தமிழ்க் கையேட்டில் எந்த வரி பழசாயிற்று என்பதை யார் கவனிப்பது? கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி, மூலத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து மொழிபெயர்ப்போடு கோத்துவைக்கிறது. மூல வாக்கியம் மாறினால் அதன் தமிழ் வாக்கியத்துக்கு ஐயக்குறி இட்டு, யாராவது பார்த்துச் சரிசெய்யும்வரை அதை வெளியே காட்டாமல் ஆங்கிலத்தையே காட்டும். படிப்பவரிடம் பழைய பொய் போய்ச் சேர்வதில்லை. பைத்தான் மொழியின் ஆவணங்களைப் பிற மொழிகளில் தருவதற்கு 2017-இல் வகுத்த நடைமுறையும் இதை ஒட்டியதே. ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம் ஆகியவை முதலில் வந்தன. மீடியாவிக்கிக்கும் இதேபோன்ற மொழிபெயர்ப்பு நீட்சி உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், அதைத் தனியாக நிறுவிப் பேண ஆள் வேண்டும். சிறிய திட்டங்களில் அந்த ஆள் இருப்பதில்லை.

கோப்பு முறைக்கு மாறுவதில் ஓர் இழப்பு உண்டு. அதை மறைத்துவிட்டு வாதிடக் கூடாது. இணைய நிரலாளர்கள் நாள்தோறும் திறக்கும் மொசில்லாவின் எம்டிஎன் ஆவணத் தளம் 2005 முதல் விக்கியாக இருந்தது. 2020 டிசம்பரில் அதைக் கிட்ஹப் களஞ்சியமாக மாற்றினார்கள். ஆங்கிலப் பக்கங்களுக்கு நல்ல ஒழுங்கு வந்தது. பிற மொழிப் பக்கங்கள் உறையவைக்கப்பட்டன. பார்த்துக்கொள்ளக் குழு அமைந்த மொழிகள் மட்டுமே பின்னர் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. ஒழுங்கைக் கேட்கும் முறை, ஆள்பலம் இல்லாத மொழியை வாசலிலேயே நிறுத்திவிடும். தமிழ் இதற்கு அஞ்ச வேண்டும்.

கிட் கட்டளைகளைக் கற்றுக்கொண்டுதான் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றால், கோர்வைக்கும் புட்டாவுக்கும் உள்ள நுணுக்கம் அறிந்தவர் எழுதமாட்டார். தறியையே பார்த்திராத நிரலாளர்தான் எழுதுவார். நெசவு மென்பொருளின் கையேட்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஆகவே, கோப்பில் சேர்க்கும் உழைப்பை எழுதத் தெரிந்தவர் தலையில் கட்டக் கூடாது. அனுபவக் குறிப்பு எந்த வடிவில் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். விக்கியில் எழுதினாலும் சரி, தாளில் எழுதித் தந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலும் சரி. அந்த வாங்குமிடமாக விக்கி இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்தப் பதிப்பில் செய்து பார்த்தது என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அதிகாரபூர்வக் கையேடு மட்டும் நிரலோடு கோப்பாகவே இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் இதற்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. செய்யாற்றிலிருந்து எட்டும் தொலைவில் காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. அதே ஊரில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று தமிழிலேயே கூடிப் பேசுகிறது. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. ஒருபுறம் நெசவு தெரிந்தவர்கள், மறுபுறம் கோப்பு முறை தெரிந்தவர்கள். இவர்களைச் சேர்த்துவைப்பது அரசின் கையில் இருக்கிறது. டிஜிபுனாய் போன்ற மென்பொருள்களுக்குத் தமிழ்க் கையேட்டை யூனிகோடு உரைக்கோப்பாக, மூலக்குறிப்போடு, பொதுக் களஞ்சியத்தில் வெளியிட வேண்டும். பயிற்சி வகுப்புகளில் எழும் கேள்விகளையும் நெசவாளர் சொல்லும் விடைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பதிப்பு வெளியாகும் முன்பும் அவற்றைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தி, அவர் சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே ஒதுக்க வேண்டும்.