ஒன்று பழுதாயின் அனைத்தும் வீழலாமோ?

2024ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆந் திகதி, உலகின் பல பாகங்களிலும் விமானங்கள் பறவாது நின்றன. வைத்தியசாலைகளில் அலுவல்கள் தடைப்பட்டன. போருமில்லை, புயலுமில்லை. கணனிகளைக் காக்கவென அமைந்த பாதுகாப்புச் செய்நிரல் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட புதிய கோப்பில் இருந்த பிழையே காரணம். ஏறத்தாழ 85 இலட்சம் கணனிகள் முடங்கின என மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார் கணக்கிட்டனர். சிறு பிழையொன்று கணனி முழுவதையும் வீழ்த்துவதேன் என மாணவர் சிலர் எம்மை வினவினர். நல்ல வினா.

பொறிகளுக்கும் நாம் கையாளும் செய்நிரல்களுக்கும் நடுவே நின்று ஊழியம் புரிவது பணிசெயல் முறைமை. அதன் நெஞ்சம் கரு எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுதலும், எச்செய்நிரல் எப்போது இயங்கும் என விதித்தலும் கருவின் கடன். கருவினுள் புகுந்த பகுதிக்குத் தடையற்ற அதிகாரம் உண்டு. அது தவறின் தடுப்பாரில்லை. மேற்கூறிய செய்நிரலின் ஒரு பகுதியும் கருவினுள்ளேயே இயங்கியது. தனக்கு உரியதல்லாத நினைவிடத்தை அது படிக்க முற்பட்டதும், முறைமை முழுவதும் நின்றுபோயிற்று.

பகுத்தமைப்பதன் நன்மையை இம்முறைமையை ஆக்கியோர் அறியாதவரல்லர். டேவிட் கட்லர் தலைமையில் உருவாகி 1993இல் வெளிவந்த வின்டோஸ் என்.ரி. முறைமையில், வன்பொருளின் வேற்றுமைகளை மறைக்கவென்றே தனி அடுக்கு ஒன்று வகுக்கப்பட்டது. தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை மாறுபடுவனவற்றை அது தன்னுள் அடக்கிக்கொள்ள, மேலுள்ள பகுதிகள் அவற்றை அறிய வேண்டியதில்லை. இன்ரெல், மிப்ஸ், அல்பா எனப் பல செயலிகளில் அம்முறைமை இயங்க இவ்வமைப்பு பெரிதும் துணைசெய்தது. ஆயின், வேற்றுமையை மறைத்தல் வேறு. தவற்றைத் தடுத்தல் வேறு.

பின்னதற்கு வழி தேடியவர் அம்ஸ்ரர்டாம் நகரப் பேராசிரியர் அன்ட்ரூ தனன்பாம். மாணவர்க்குக் கற்பிக்கவென 1987இல் மினிக்ஸ் முறைமையை வெளியிட்டவர் அவரே. 2005இல் வந்த மினிக்ஸ் 3இல், சாதனச் செலுத்திகள் கருவுக்கு வெளியே தனித்தனிச் செய்நிரல்களாக வைக்கப்பட்டன. ஒன்று வீழின், அதனை மீண்டும் எழுப்ப வேறொரு பகுதி காத்திருக்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மறுபிறப்புச் சேவகன்'! நம்மவர் புன்முறுவல் பூப்பர்.

இவ்வழிக்கும் விலையுண்டு. பிரிந்து நிற்கும் பகுதிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியே கருமமாற்ற வேண்டும்; அதனால் வேகம் குறையும். 1992இல் தனன்பாமும், அப்போது ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் தோர்வல்ட்ஸும் இதுபற்றியே வாதிட்டனர். தோர்வல்ட்ஸ் தமது லினக்ஸில் செலுத்திகளைக் கருவினுள்ளேயே வைத்தார். லினக்ஸ் உலகெங்கும் பரந்தது.

எனவே ஒருவர் முற்றிலும் பிழை, மற்றவர் முற்றிலும் சரி எனக் கூறுதல் நியாயமன்று. விளையாட்டுக்குரிய கணனி ஒருமுறை நின்றால் மீண்டும் இயக்கலாம். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் கணனிக்கு அது பொருந்துமா? வேகத்தை நாடி அதிகாரத்தை அள்ளி வழங்குமுன், தவறு நேர்ந்தால் துன்புறுவார் யார் என எண்ணுதல் வேண்டும். கணனிக்கு மட்டுமா இவ்விதி?