ஊமைக் கீபோர்டு பேசிய கதை

கராச்சர்மாவிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நல்லா ஏமாந்துட்டேன். கீபோர்டு வாங்கினேன். லைட் எரியுது, சத்தம் வரலை. ஊமை."

கராச்சர்மா அந்தமானில், போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய ஊர். தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. பையன் அங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். வாசிக்கிறான் என்பதுகூட அரை உண்மைதான். பாதிக் கச்சேரியைச் சென்னையில் தயாரான கரோக்கி டிராக்குகள் நடத்துகின்றன. இவன் மேலே கொஞ்சம் தாளிக்கிறான். சிமென்ட்டும் வெங்காயமும் கப்பலில் வருகிற தீவில் பாட்டும் மெயின்லாண்டிலிருந்துதான் வந்தாக வேண்டுமா என்று அவனுக்கு ஒரு ரோஷம். எட்டு மாதக் கல்யாணக் கச்சேரிப் பணத்தைச் சேர்த்து 49 கட்டைகள் உள்ள மிடி கீபோர்டு ஒன்றைத் தருவித்தான். பங்குனி உத்திரத்துக்குச் சொந்த மெட்டில் ஒரு காவடிப் பாட்டு, சொந்த அறையிலேயே பதிவு செய்து தருவதாகக் கோயில்காரர்களிடம் வாக்கும் கொடுத்துவிட்டான். பாக்கி பதினைந்து நாள். திருப்பி அனுப்பி வேறு வாங்கலாம் என்றால் சென்னைக்குக் கப்பல் மூன்று நாள்; வருவதற்கு இன்னொரு மூன்று நாள்.

"அதில் ஸ்பீக்கர் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஹெட்போன் மாட்ட ஓட்டை?"

"அதுவும் இல்லை."

"அப்படியானால் அது பழுதில்லை. அதன் பிறவி குணமே அதுதான்."

முதன்முதலாக மிடி கீபோர்டு வாங்குகிற பலர் விழுகிற குழி இது. மிடி என்பது ஓசை அல்ல, உத்தரவு. பாட்டு வாத்தியார் ஸ்வரம் எழுதித் தருகிற தாள் எப்படித் தானாகப் பாடாதோ, அப்படித்தான் இதுவும். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினாய், எப்போது விரலை எடுத்தாய் - இவ்வளவையும் எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு 'ஸி' 60. அந்த எண்ணை வாங்கி நாதஸ்வரமாகவோ வயலினாகவோ முழங்குவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஸாஃப்ட்வேர் வாத்தியம்.

இந்தப் பொது பாஷை பிறந்தது 1983-ல். அதற்கு முன் ஒரு கம்பெனியின் ஸின்தஸைஸரை இன்னொரு கம்பெனியின் ஸின்தஸைஸரோடு பேச வைப்பது பெரும்பாடு. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்றார்கள். அந்த ஜனவரியில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் அமெரிக்க கீபோர்டையும் ஜப்பானிய கீபோர்டையும் ஒரே கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். ராயல்டி கேட்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. இருவருக்கும் 2013-ல் டெக்னிகல் கிராமி விருது கிடைத்தது.

கோடம்பாக்கத்தில் இதன் விளைவை நாம் காதாலேயே கேட்டோம். வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஸ்டூடியோவில் ஸின்தஸைஸரும் சீக்வென்ஸருமாக உட்கார்ந்த ஏ.ஆர். ரஹ்மான் 1992-ல் 'ரோஜா'வைத் தந்தபோது, பெரிய பாட்டு பிறக்கப் பெரிய ஹால் கட்டாயமில்லை என்பது தெரிந்துபோனது. இன்று அதே வசதி ஒரு லாப்டாப்புக்குள் அடங்கி, கராச்சர்மாவின் ஒற்றை அறை வரை வந்துவிட்டது.

சரி, ஊமையைப் பேச வைத்த கதைக்கு வருவோம். போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். இதே பெட்டியோடு முழிக்கிற வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் கேபிள். சில யுஎஸ்பி கேபிள்கள் கரண்ட்டை மட்டும் கடத்தும், தகவலைக் கடத்தாது. கீபோர்டில் விளக்கு எரிவது எதற்கும் அத்தாட்சி அல்ல. பெட்டியோடு வந்த கேபிளையே மாட்டுங்கள். மாட்டிய பிறகு ரெக்கார்டிங் ஸாஃப்ட்வேரைத் திறங்கள். முன்பே திறந்திருந்தால் சில ஸாஃப்ட்வேர்கள் புது விருந்தாளியைக் கவனிக்காது.

அடுத்து, செட்டிங்ஸில் மிடி என்ற பகுதிக்குப் போய், இன்புட் பட்டியலில் உங்கள் கீபோர்டின் பெயரை இயக்குங்கள். பெயரே இல்லையென்றால் தயாரித்த கம்பெனியின் டிரைவரை நிறுவ வேண்டியிருக்கலாம்.

மூன்றாவதில்தான் நம் பையன் சறுக்கியிருந்தான். அவன் திறந்து வைத்திருந்தது ஆடியோ டிராக். அது மைக்குக்கு உரியது. கீபோர்டுக்கு வேண்டியது இன்ஸ்ட்ருமென்ட் டிராக். அதைத் திறந்து, அதில் ஒரு ஸாஃப்ட்வேர் வாத்தியத்தை ஏற்றி, ரெக்கார்ட் பட்டனைத் தயார் நிலையில் வைத்து, மானிட்டரையும் போட வேண்டும். வாத்தியங்களுக்குக் காசு இல்லையா? எல்.எம்.எம்.எஸ். என்ற ஸாஃப்ட்வேர் வாத்தியங்களோடு இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தப் பக்கம் ஓர் அலறல். "வந்துடுச்சு மாமா!"

அரை நிமிஷம் கழித்து இன்னொரு புகார். "கட்டையை இப்ப அழுத்தினா சத்தம் அப்புறமா வருது." இது பஃபர் சமாச்சாரம். கம்ப்யூட்டர் ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வெளியே விடுகிறது. வினாடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில், பஃபர் 1024 என்றால் அதில் மட்டுமே 23 மில்லி வினாடி போய்விடும். 128 என்று குறைத்தால் 3 மில்லி வினாடிதான். விண்டோஸ்காரர்கள் ஏ.எஸ்.ஐ.ஓ. வகை டிரைவரைப் போட்டுக்கொள்வது நல்லது. ரொம்பவும் குறைத்தால் லாப்டாப் திணறி, ஓசை பொரிகடலை மாதிரி வெடிக்கும். வாசிக்கும்போது குறைத்து, கடைசியில் மிக்ஸ் செய்யும்போது கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் வந்த போனில்தான் நிஜமான கேள்வி இருந்தது. "நாதஸ்வரம் வருது மாமா. ஆனா நாதஸ்வரக்காரர் வரலை."

நியாயம்தான். மிடியின் எண்கள் படிக்கட்டுகள். நம் கமகமோ படிகளுக்கு நடுவில் வாழ்வது. தோடியின் காந்தாரத்தை 63 என்று ஒரு எண்ணால் எப்படிச் சொல்வது? பிட்ச் பெண்ட் என்ற சக்கரத்தில் 16,384 நுண்ணிய நிலைகள் உண்டு என்றாலும், அதைத் திருப்பினால் அந்தச் சானலில் ஒலிக்கிற எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து வழுக்கும். ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சானல் தருகிற எம்.பி.இ. முறை 2018-ல்தான் தரநிலையானது. கட்டைகளே இல்லாத, விரலை வழுக்கி வாசிக்கிற கன்டினுவம் என்ற கருவியை ரஹ்மான் 2009-ல் வெளிவந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டில் பயன்படுத்தியதும் இந்தக் குறைக்கு ஒரு பதில்.

பையனிடம் கன்டினுவம் வாங்கப் பணம் இல்லை. ஆனால் கோயிலில் வாசிக்கிற நாதஸ்வரக்காரர் இருக்கிறார். "தாளம், சுருதி, பின்னணியெல்லாம் உன் பெட்டி பார்த்துக்கொள்ளட்டும். நாதஸ்வரத்துக்கு அவரைக் கூப்பிட்டு ஒரு மைக் முன்னால் உட்கார வை. நீ தப்பாகத் திறந்த ஆடியோ டிராக் அதற்குத்தான்" என்றேன்.

பாட்டை முதலில் மிடி ஃபைலாக அனுப்பினான். வெறும் 40 கிலோபைட். என் கம்ப்யூட்டரில் திறந்தால் காவடிச் சிந்து பியானோவில், கிறிஸ்துமஸ் மாதிரி ஒலித்தது. உத்தரவு வந்தது, வாத்தியம் வரவில்லை. பிறகு முழு ஆடியோவாக அனுப்பினான். நிமிஷத்துக்குப் பத்து மெகாபைட். சாட்டிலைட் இன்டர்நெட்டை மட்டுமே அந்தமான் நம்பியிருந்த காலத்தில் அது பெரிய சோதனை. சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடியில் சுமார் 2,300 கிலோ மீட்டருக்குக் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்த பிறகு, அது காபி ஆறுவதற்குள் வந்து சேர்கிற சங்கதி.

கேட்டேன். தபேலா கொஞ்சம் இயந்திரத்தனம். ஆனால் நடுவில் நாதஸ்வரக்காரர் ஒரு மூச்சு எடுக்கிற ஓசை, எந்த எண்ணிலும் அடங்காதது, அப்படியே பதிவாகியிருந்தது. சென்னையிலிருந்து டிராக் போய்க்கொண்டிருந்த வழியில், எதிர்த் திசையில் ஒரு பாட்டு வந்திருக்கிறது.

ஊமை என்று திட்டிய பெட்டியை இப்போது யாரையும் தொட விடுவதில்லையாம். அக்காவின் புகார்.